காணொலியா, காணொளியா?

நேயர்களே, இந்த வாரம் ஒரு கடிதத்தோடு தொடங்குகிறேன். ஆரையம்பதி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். தவணைப் பரீட்சையில் 'காணொலி' என்று எழுதியதற்குத் தொழினுட்ப ஆசிரியர் புள்ளி குறைத்துவிட்டாராம். 'காணொளி' என்பதே சரி என்றாராம். தமிழாசிரியரிடம் கேட்டால், அவர் காணொலியில் பிழையில்லை என்கிறாராம். "லகரமா, ளகரமா? நான் எதை எழுத, ஐயா?" என்று கேட்கிறார். அடுத்த வருடம் அவருக்குப் பெரிய பரீட்சை. ஆகவே இதை வெறும் எழுத்துச் சண்டையென்று தள்ளிவிட முடியாது.

வானொலி செய்வது ஒலிபரப்பு. தொலைக்காட்சி செய்வது ஒளிபரப்பு. நா நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் ஒன்று; சற்றே பின்னால் மடிந்து அண்ணத்தைத் தொட்டால் மற்றொன்று. இரண்டு பெரிய தொழில்களை ஒரு நாவசைவினால் பிரித்து வைத்திருக்கிறது தமிழ். பரப்புதல் என்ற சொல்லும் நல்ல தேர்வுதான். ஆங்கிலத்தில் 'புரோட்காஸ்ட்' என்பது முதலில் வயற்காட்டுச் சொல். விதையைக் கையால் வீசி விதைப்பதற்கு அதுதான் பெயர். படுவான்கரையில் வீசி விதைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், தொலைக்காட்சி பரப்புவது காட்சியை மட்டுமா? எண்பதுகளில் மட்டக்களப்பு நகரில் தொலைக்காட்சி திருத்தும் கடையொன்றில் நான் போய்க் குந்தியிருப்பதுண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் கடைக்காரர் முதலில் கேட்பது, "படம் வருதா, சத்தம் வருதா?" என்பதுதான். பதிலைப் பொறுத்தே பெட்டிக்குள் எந்தப் பகுதியில் கைவைப்பது என்று முடிவு செய்வார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு பொறியியற் பாடமே இருக்கிறது. ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியபோது கைக்கொண்ட முறையில், படத்தைக் காவும் அலை வேறு, ஒலியைக் காவும் அலை வேறு. இரண்டுக்கும் இடைவெளி 5.5 மெகாஹேர்ட்ஸ். படம் தன் அலையின் வீச்சத்தை ஏற்றி இறக்கும். ஒலியோ தன் அலையின் மீடிறனைக் கூட்டிக் குறைக்கும். இரண்டும் ஒரே அன்ரனாவால் நுழைந்து, உள்ளே பிரிந்து, ஒன்று திரைக்கும் மற்றது ஒலிபெருக்கிக்கும் போகும்.

'டெக்' என்று நாம் அழைத்த நாடாப் பெட்டியிலும் இதே கதைதான். ஜப்பானில் 1976 இல் வெளிவந்த வீ.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீற்றர். அது ஓர் உருளையைச் சாய்வாகச் சுற்றிப் போகும். உருளை செக்கனுக்கு 25 தடவை சுழலும்; அதில் பொருத்திய இரண்டு தலைகள் செக்கனுக்கு 50 சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும். ஒலியை எழுதுவது அசையாமல் நிற்கும் இன்னொரு தலை. அது நாடாவின் ஓரத்தில் நேர்கோடாக எழுதும். (பின்னர் வந்த உயர்தர டெக்குகள் ஒலியையும் சாய்வாக எழுதின, அது வேறு கதை.) அதனால்தான் சுழலும் தலையில் அழுக்கேறிப் படம் முழுவதும் புள்ளியானபோதும் வசனம் தெளிவாகக் கேட்டது. கதாநாயகனின் முகத்தைக் காணாமலே கதை முடிந்த இரவுகள் எத்தனை!

இனிச் சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் வீடியோ என்றால் 'காண்கிறேன்', ஓடியோ என்றால் 'கேட்கிறேன்'. பொறியியலாளருக்கு வீடியோ என்பது படச் சமிக்ஞை மட்டுமே. பழைய பெட்டிகளின் பின்புறம் மஞ்சள் துளை படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. அந்த மஞ்சள் துளைக்குக் காணொலி என்று பெயர் வைத்தால் பிழை. அதில் ஒலி துளியும் இல்லை. அங்கே காணொளி பொருந்தும். காண்கின்ற ஒளி என்று வினைத்தொகையாகவும் ஒழுங்காக நிற்கும்.

ஊரார் சொல்லும் வீடியோ வேறு. அது கல்யாண வீடியோ. அதில் நாதஸ்வரம் கேட்காவிட்டால் படம் பிடித்தவருக்குக் காசு கிடையாது. அந்தப் பொருளில், காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்று கருதிக் காணொலி என்றவர்களின் நோக்கம் நியாயமானதே. இலக்கணம்தான் இடிக்கிறது. காண் என்ற வினைப்பகுதி ஒலியோடு சேர்ந்தால் 'காணும் ஒலி' என்றே பொருள் விழும். நமது வாவியின் பாடும் மீனிசையைக் கேட்கத் துடுப்பின் ஒரு நுனியை நீரில் இறக்கி, மறு நுனியில் காதை வைப்பார்கள், கண்ணை வைப்பாரில்லை.

ஆகவே மகளே, சமிக்ஞையைப் பற்றிய கேள்வியானால் காணொளி என்றே எழுதுங்கள். முழுப் பதிவைக் குறிக்கும் இடத்தில் காணொலி என்று எழுதியவரின் புள்ளியை வெட்டுவது, என் எண்ணத்தில், கடுமை. கைத்தொலைபேசிக் கோப்பிலும் படமும் ஒலியும் ஒரே உறைக்குள் தனித்தனி ஓடைகள்தான். உதடு அசைந்து சற்றுப் பொறுத்துச் சொல் வருகிறதே, அது இரண்டும் காலம் பிசகியதன் விளைவு.

கலைச்சொல்லாக்கம் இந்த வாவிக்கரைக்குப் புதிய வேலையன்று. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அந்த முயற்சி 1938 இல் நூலாக வெளிவந்தது. அதே 1936 இன் நவம்பரில்தான் பீ.பீ.சி. இலண்டனில் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிற்று. 240 கோட்டு முறையா, 405 கோட்டு முறையா என்று தீராமல் இரண்டையும் மாறி மாறி நடத்தி, 1937 பெப்ரவரியில்தான் 405 இல் நிலைத்தார்கள். அவர்கள் கருவிக்கு உருக்கொடுத்த காலத்திலேயே நாம் சொல்லுக்கு உருக்கொடுக்கக் கூடியிருக்கிறோம்.

பின்னர் கடலின் இரு கரையிலும் தனித்தனி அடுப்பு மூட்டினோம். அங்கே ஊர்தி அலை என்றார்கள். இங்கே காவுதல் வீட்டிலும் தெருவிலும் உயிரோடு இருக்கும் வினை. தண்ணீர்க் குடத்தைக் காவி வருகிறோம். நமது கணித நூல்களில் பருமனும் திசையும் உடைய கணியத்துக்குக் காவி என்றே பெயர். காவும் அலை என்றால் இங்குள்ள சிறுவனுக்கும் விளங்கும். காவி என்றதும் துறவியின் உடையை நினைக்கும் தமிழகத்தாரோ விழிப்பார்கள். நமது மீடிறன் அவர்களுக்கு அதிர்வெண். சென்னையில் அச்சான மின்னணுவியல் நூலை எடுக்கும் மட்டக்களப்பு மாணவர் முதலாம் அத்தியாயத்திலேயே தடுக்கி நிற்கிறார். யாராவது ஓரத்தில் 'மீடிறன்' என்று பென்சிலால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.