வாரத்துக்கு ஒரு பக்கம்

வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் உடனே தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். பிள்ளை இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் நமக்கு அசதி வந்தால்? "ஒண்ணுமில்லே, ராத்திரி சரியாத் தூங்கலை" என்று ஒரு காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த அசதி எப்போது ஆரம்பித்தது, எத்தனை வாரமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. போன மாதம் எத்தனை நாள் பால் வரவில்லை என்பது மட்டும் காலண்டரில் தேதிவாரியாகச் சுழித்து வைத்திருக்கும்!

பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் வைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, நம்முடைய வாரத்துக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள முடியாதா? தாராளமாக முடியும். வாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும். காலை நாலு மணிக்கே எழுந்து பம்பரமாகச் சுற்றும் சகோதரிகளுக்காக இதை நான் எழுதவில்லை. உடம்பிலும் மனசிலும் தெம்பு குறைந்து, "இன்னிக்குப் பொழுது போனால் போதும்" என்றிருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர் ஒருவர்

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்தவர். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த பெரிய வர்த்தகர். 1736இல் ஆரம்பித்து 1761இல் காலமாகும் வரையில், சுமார் 25 வருஷ காலத்துக்குத் தமிழில் நாட்குறிப்பு வைத்திருந்தார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அலங்காரமாக எழுத வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்று கண்டதையும் கேட்டதையும் பேசுகிற தமிழிலேயே எழுதி வைத்துவிட்டார்.

அவர் மறைந்து 85 வருஷம் கழித்து, 1846இல், கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்து இன்று சரித்திரக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கிடைத்திருக்கும் குறிப்புகளில் நடுநடுவே பல நாட்கள் இல்லை. விட்டுப்போன நாட்கள் இருக்கின்றன என்று யாராவது அதைத் தள்ளி வைத்தார்களா? இல்லையே. இருக்கிற பக்கங்களுக்கு இருக்கிற மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

"அவர் பெரிய மனுஷர், ஏவினால் செய்ய ஆள் படை இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்பீர்கள். நியாயம்தான். நம்மைப் போல் குடும்பம் நடத்துகிறவர்களையே நினைத்துக் கொண்டு ஒரு பெண்மணி செய்ததைக் கேளுங்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற அம்மையார், அந்த நாட்டின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவர், 1903இல் கணவரோடு சேர்ந்து குடும்பப் பெண்களுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். மறு வருஷமே, 1904இல், வீட்டுக் கணக்கு எழுதுவதற்கென்றே ஒரு புத்தகம் அச்சிட்டு வெளியிட்டார். எழுதுவதோடு நிற்காமல், அவ்வப்போது உட்கார்ந்து எழுதியதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பழக்கத்தின் உயிர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஜப்பானில் அந்த வழக்கம் போகவில்லை.

ஏன் வாரம் ஒரு தடவை?

தினமும் எழுத வேண்டும் என்றால் மூன்றாம் நாள் விட்டுப்போகும். மாதம் ஒரு தடவை என்றால் முதல் வாரம் நடந்தது மறந்தே போயிருக்கும். வாரம் என்பது நமக்குக் கைக்கு அடக்கமான அளவு. நம் வீட்டு வேலைகளும் வாரக் கணக்கில்தானே ஓடுகின்றன? வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது, ஞாயிற்றுக்கிழமை மீனோ கறியோ, காந்தி வீதி சண்டே மார்க்கெட், திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சீருடை என்று.

இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு களைத்திருக்கும்போது செய்து முடித்த வேலையை விட, செய்யாமல் கிடக்கும் வேலைதான் மனசை ஜாஸ்தி அரிக்கும். புளூமா ஸைகார்னிக் என்ற மனோதத்துவப் பெண்மணி 1927லேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 2011இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அடுத்த படியைக் காட்டினார்கள்: பாக்கி வேலையை முடித்துவிடக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வோம் என்று ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அந்த அரிப்பு அடங்குகிறதாம். காகிதத்தில் இறக்கி வைத்த சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் நேரத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஏற்கெனவே வாரந்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போட்டுவிடுங்கள். எனக்கு அது மாவு அரைக்கும் நேரம். தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிரைண்டரில் உளுந்து போடுவேன். அவர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போயிருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். உளுந்து பொங்க அரைபட எப்படியும் அரை மணியாகும். அவ்வப்போது தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டுமே தவிர அங்கே நமக்கு வேறு வேலை கிடையாது. பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு 40 பக்க நோட்டு, நூல் கட்டிய பேனா. அவ்வளவுதான் சாமான்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களுக்குத்தான் அன்று லீவு, நமக்கு அன்றுதான் அடுப்பு அணையாது!

நான்கே நான்கு வரிகள்

1. என்ன முடிந்தது? இதைத்தான் முதலில் எழுத வேண்டும். வீட்டு வேலை செய்தால் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும். நாமாவது அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டாமா?

2. எது என்னை ரொம்பக் களைக்க வைத்தது? ஒன்றே ஒன்று போதும்.

3. உடம்பு எப்படி? தூக்கம், தலைசுற்றல், மூச்சு வாங்கல், மாதவிலக்கு ஆரம்பித்த தேதி, எத்தனை நாள். நன்றாக இருந்தால் 2, சுமார் என்றால் 1, முடியவில்லை என்றால் 0 என்று போடுங்கள்.

4. வரும் வாரம் முக்கியமாக ஒரே ஒரு வேலை. பாக்கி பத்து இருக்கட்டும், பரவாயில்லை. ஒன்றை எடுத்து, எந்தக் கிழமை என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம் இதோ: "முடிந்தது: காஸ் புக் செய்தேன், பெரியவளுக்கு டிபன் டப்பா மாற்றினேன், மிளகாய் காயவைத்து அரைத்தாச்சு. களைப்பு: புதன்கிழமை விருந்தாளி. உடம்பு: 1, மூன்று நாள் தூக்கம் இல்லை. வரும் வாரம்: வியாழன், அத்தைக்குக் கண் டாக்டர்." எழுத மொத்தம் நாலு நிமிஷம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் நாலாவது வரியில் தடுப்பூசித் தேதியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் போட்டது போக 6, 10, 14 வாரங்களில், அப்புறம் 9 மாதம் முடிந்ததும், அதன் பின் 16 முதல் 24 மாதத்துக்குள் என்று வரிசையாக வரும். அசதியில் மறந்துபோகிற முதல் விஷயம் இதுதான்.

எழுதக்கூட முடியாத வாரம்

எங்கள் பக்கத்து வீட்டு மருமகளுக்கு அப்போது ஐந்து மாதக் குழந்தை. நோட்டைப் பற்றிச் சொன்னதும், "அக்கா, குளிக்கவே நேரமில்லே, இதிலே நோட்டு எழுதறதா?" என்றாள். "எழுத வேணாம்மா. காலண்டர்லே அன்னன்னிக்கு ரொம்ப முடியலைன்னா ஒரு புள்ளி மட்டும் வை. வாரம் ஒரு தடவை எண்ணிப் பாரு" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவளே வந்தாள். புள்ளியெல்லாம் வீட்டுக்காரர் இரவு ஷிப்டு போன மறுநாளில்தான் விழுந்திருந்தன. அவர் விடியற்காலை வந்து கதவைத் தட்டுவார் என்று இவள் அரைத் தூக்கத்திலேயே காத்துக் கிடந்திருக்கிறாள். அவர் கையில் இன்னொரு சாவி கொடுத்தாயிற்று, தட்டுவதும் நின்றது. டானிக்கும் இல்லை, செலவு ஒரு சாவிக்குத்தான்! "அலுப்பா இருக்கு" என்று பொதுவாகப் புலம்பியபோது கிடைக்காத வழி, எந்த நாள் என்று தெரிந்ததும் கிடைத்தது.

அதனால் முடியாத வாரத்தில் ஒரு புள்ளி, ஒரு எண், ஒரு சொல், ஏதாவது ஒன்று போதும். அதுவும் விட்டுப்போனால் போகட்டும். பழைய பக்கத்தை நிரப்ப உட்காராமல் அடுத்த வாரத்திலிருந்து எழுதுங்கள். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், தினமும் செய்யும் ஒரு பழக்கம் தன்னால் வர சராசரி 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் வந்தது; சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் கெட்டுப்போகவில்லை. நம்முடையது வாரத்துக்கு ஒரு தடவை செய்வது. இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டு சொன்ன சேதி

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். நான் எழுத ஆரம்பித்த இரண்டாம் மாதம், நாலு வாரத்துப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன். நாலிலும் "மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் மூச்சு வாங்குது" என்று இருந்தது. உடம்பு என்ற வரியில் 1, 0, 0, 1. மாதவிலக்கு ஒன்பது நாள் நீடித்து, 21ஆம் நாளே மறுபடி வந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றில் சில்லென்றது.

அரசு ஆஸ்பத்திரிக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தேதியோடு பதில் சொன்னேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2தான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேன் எடுத்து, உதிரப்போக்குக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 11.4 ஆயிற்று. இப்போது துணிக் கூடையோடு நிற்காமல் மாடி ஏறுகிறேன்.

இது என் ஒருத்தி கதையில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! "வயசாயிடுச்சு", "வேலை ஜாஸ்தி" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளும் அசதியில் எத்தனை பங்கு இதுவோ? தைராய்டு, சர்க்கரை இவற்றாலும் அசதி வரும். ஆகவே மூன்று நாலு வாரம் தொடர்ந்து 0, 1 என்றே விழுந்தால் நோட்டோடு டாக்டரிடம் போய்விடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ நோட்டும் வேண்டாம், வாரமும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். முருங்கைக்கீரை, காராமணி, எள், கேழ்வரகு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், மீன் எல்லாம் நல்லது. கீரையோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் பாலோடு போட்டுக்கொள்ளக் கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். வீட்டில் வயசுப் பெண் இருந்தால், பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டாளா என்றும் நோட்டில் ஒரு டிக் போடலாம்.

மனசுக்கும் ஒரு வரி

பிரசவமான புதிதில் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் வெறுப்பும் நீடித்தால் அதை "குணம்" என்று ஒதுக்கக் கூடாது, அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். 2022இல் ஆரம்பித்த அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு உதவும்.

நோட்டை ஒளித்து வைக்காதீர்கள் என்பது என் கடைசி யோசனை. எங்கள் வீட்டில் அது அஞ்சறைப்பெட்டி பக்கத்திலேயே கிடக்கும். "களைப்பு: ஐந்து நாளும் தனியாகத் தண்ணீர் பிடித்தேன்" என்று எழுதியிருந்ததை அவர் படித்தார் போலிருக்கிறது, மறுவாரம் முதல் குடத்தைப் பையன் தூக்குகிறான். வாயால் பத்துத் தரம் சொன்னால் அது நச்சரிப்பு. காகிதத்தில் ஒரு தரம் இருந்தால் கணக்கு!

பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களைக் கிழித்துத் தைத்தாலே போதும், காசு செலவில்லை. அடுத்த தடவை உளுந்து ஊறப்போடும்போதே பேனாவையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.