மகளுக்கு பரிசு 250 ரூபாயா? தபால் ஆபீசில் போடுங்க!

திருவண்ணாமலை: சிறுவர் பத்திரிகை ஓவியப் போட்டியில் மகள் ஜெயிச்சு 250 ரூபாய் பரிசு வந்தால், பலகாரம், பொம்மை என்று அன்றைக்கே கரைந்துவிடும். ஆனால் செல்வமகள் சேமிப்பு கணக்கு தொடங்க அந்தப் பணமே போதும்.

2015ல் வந்த இத்திட்டத்தில், 10 வயது நிரம்பாத பெண் குழந்தை பெயரில் தபால் ஆபீசில் கணக்கு தொடங்கலாம். குழந்தையின் பிறப்பு சான்று, பெற்றோர் ஆதார், பான் கார்டு தேவை. வருஷத்துக்கு குறைந்தது 250 ரூபாய் வீதம் 15 வருஷம் கட்ட வேண்டும். ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் 50 ரூபாய் அபராதம். 18 வயதானதும் காலேஜ் செலவுக்கு பாதிப் பணம் வரை எடுக்கலாம். 21 வருஷத்தில் கணக்கு முதிரும்.

மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனம் மீது 2022ல் போலீசில் புகார்கள் குவிந்ததை ஆரணி பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. தபால் ஆபீசில் வட்டி அந்தளவு வராதுதான். ஆனால் போட்ட காசுக்கு அரசு பொறுப்பு.