விலைக்கு வாங்கிய தூணும் வளர்த்தெடுத்த அணியும்: கபடி ஏலம் சொல்லும் கணக்கு

புரோ கபடி லீக்கின் 9-வது சீசனில் தமிழ் தலைவாஸ் தன் முதல் ஆட்டத்தை 2022 அக்டோபர் 8-ஆம் தேதி, பெங்களூருவில் குஜராத் ஜயன்ட்ஸுடன் ஆடியது. தலைவாஸுக்குத் தலைமை தாங்கியவர் பவன் செராவத். ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் அவருக்குக் கொடுத்த விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை அது. அணி செலவழிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்தப் பணமே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவனின் முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க அவர் மறுபடி மேட்டில் இறங்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், 2017-ல் லீக்குக்குள் வந்த தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதியைத் தொட்டது அந்த சீசனில்தான். தூக்கிச் சுமந்தவர் நரேந்தர் என்ற புதுமுக ரெய்டர். ஏலத்துக்கே வராமல், ‘புதிய இளம் வீரர்’ என்ற பிரிவில் அணி நேரடியாகச் சேர்த்துக்கொண்டவர். அறிமுக சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஓர் அணி எப்படிக் கட்டப்படுகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு சீசனை வைத்துக்கொண்டே பாதிப் பாடத்தை நடத்திவிடலாம். மீதிப் பாதிக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வரை போய்வர வேண்டும்.

அங்கே என்.பி.ஏ. லீக்கில் ஆள் சேர்க்க மூன்று வழிகள். முதலாவது டிராஃப்ட். கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதுமுகங்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்கின்றன. இரண்டு சுற்றுகள், சுமார் 60 பேர். பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த 14 அணிகளுக்கிடையே குலுக்கல் நடக்கும். கடைசி மூன்று இடங்களில் இருப்பவற்றுக்கு முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். 2019-க்கு முன்பு கடைசி அணிக்கு மட்டும் 25 சதவீதம் இருந்தது. நல்ல புதுமுகம் கிடைக்கட்டும் என்று அணிகள் வேண்டுமென்றே தோற்பதாகப் புகார் எழுந்ததால் குறைத்தார்கள். இரண்டாவது வழி, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பேசிச் சேர்த்துக்கொள்வது. இங்கே முடிவு வீரரின் கையில். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் சொந்த மாநிலத்து கிளீவ்லாண்ட் அணியை விட்டு மயாமிக்குப் போனது அப்படித்தான். மூன்றாவது, அணிகள் தங்களுக்குள் ஆளை ஆளுக்கு மாற்றிக்கொள்வது.

எல்லாவற்றுக்கும் மேலே சம்பள உச்சவரம்பு ஒன்று உண்டு. 2025-26 சீசனுக்கு அது சுமார் 15 கோடியே 46 லட்சம் டாலர். ஏற்கெனவே தன்னிடம் ஆடிவரும் வீரரைத் தக்கவைக்க ஓர் அணி இந்த வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்டு பெயரால் அழைக்கப்படும் சலுகை இது.

டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் பஞ்சாபின் சத்னம் சிங். 2015-ல் 52-வது ஆளாக டல்லஸ் அணி எடுத்தது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பெயர் வாசிக்கப்படுவது வேறு, களத்தில் நிற்பது வேறு.

நம்மூரில் கூடைப்பந்து வேறு கதை. ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே என்று வேலை கொடுத்துத்தான் சென்னையில் அணி கட்டினார்கள். அங்கே டிராஃப்டும் இல்லை, ஏலமும் இல்லை. நியமன ஆணைதான் ஒப்பந்தம். என்.பி.ஏ.வின் கணக்குகளோடு ஒப்பிடும் அளவுக்கு வடசென்னைக்காரர் நேரில் பார்க்கக்கூடிய அணிகட்டல் என்றால் அது கபடி ஏலத்தில் கட்டப்படும் தலைவாஸ். எர்ணாவூரிலிருந்து விம்கோ நகர் போய் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து, தலைவாஸ் ஆடியிருக்கும் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கம் நடை தூரம்.

கபடி ஏலத்தின் விதிகள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. 10-வது சீசனிலிருந்து அணிக்கு 5 கோடி ரூபாய். குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர். வீரர்கள் நான்கு பிரிவு: ஏ பிரிவின் தொடக்க விலை 30 லட்சம், பி 20, சி 13, டி 9. ஏலத்துக்கு முன்பே பழைய வீரர்களில் சிலரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கைவிட்டுப் போனவரை இன்னோர் அணி ஏலத்தில் எடுத்தாலும், அந்த இறுதி விலையைத் தானே கொடுத்து மீட்டுக்கொள்ளும் வசதி ஒன்றும் உண்டு. ‘ஃபைனல் பிட் மேட்ச்’ என்கிறார்கள். லாரி பேர்டு சலுகைக்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. என்.பி.ஏ.வில் ஒப்பந்தம் முடிந்தவர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கிறார். கபடியில் யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம் போக வேண்டியதுதான். வீரரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அதேபோல, கடைசியில் வந்த அணிக்கு நல்ல புதுமுகத்தை முதலில் எடுக்கும் உரிமையும் இல்லை. தோற்றவர்க்கு ஆறுதல் பரிசு கிடையாது. ஆகவே இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்க அணியின் சொந்த உழைப்பு. இந்த இடத்தில்தான் அணிகள் பிரிந்து போகின்றன.

தலைவாஸின் வரலாற்றைப் பாருங்கள். 7-வது சீசனில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் மூவரும் ஒரே சட்டையில். கபடி பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர்களைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 12 அணிகளில் தலைவாஸ் 12-வது. தலைவாஸோடு 2017-ல் லீக்குக்குள் நுழைந்த குஜராத்தோ, பெரும்பாலும் இளைஞர்களை வைத்துக்கொண்டு முதல் இரண்டு சீசன்களிலும் இறுதியாட்டம் வரை போயிருந்தது.

பிறகு வந்தது பவன் அடிபட்ட 9-வது சீசன். தொடக்கத்தில் தடுமாற்றம்; நடுவில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். நரேந்தர் முன்னால் ரெய்டு போக, சாகர், சாஹில், ஹிமான்ஷு, அபிஷேக் என்று அதிகம் பேசப்படாத பிடியாட்டக்காரர்கள் பின்னால் நின்றார்கள். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என வென்றார்கள். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளிகளில் போனது.

அந்த அரையிறுதியில் மோதிய இரண்டு அணிகளுமே இளைஞர் அணிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். புனேவின் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்றவர்கள் ‘யுவா பல்தான்’ என்ற அந்த அணியின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர்கள். அடுத்த ஏலத்தில் இரண்டு அணிகளும் தங்கள் இளைஞர்களைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டன. புனே மட்டும் கூடுதலாக ஒரு காரியம் செய்தது. ஈரானின் முகமதுரேசா ஷாத்லூவை 2 கோடியே 35 லட்சத்துக்கு வாங்கியது. இருந்த இளைஞர் கூட்டத்தில் ஒரே ஒரு இடத்துக்கு, பிடியாட்டத்தின் ஓர் ஓரத்துக்கு, ஓர் ஆள். 2024 மார்ச் 1-ஆம் தேதி ஹைதராபாத்தில் ஹரியாணா ஸ்டீலர்ஸை 28-25 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தது புனே. தலைவாஸ் அந்த சீசனில் முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. இளைஞர்களை வைத்துக்கொண்டாலே போதும், மீதி தானாக நடக்கும் என்பதும் பொய் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஷாத்லூவின் பயணத்தை மட்டும் தொடர்ந்தாலே கணக்கு இன்னும் துலக்கமாகும். அடுத்த ஏலத்தில் ஹரியாணா அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. ஜெய்தீப் தஹியா, ராகுல் சேத்பால் என்று அங்கேயும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடிய கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. 11-வது சீசன் கோப்பை ஹரியாணாவுக்கு. 12-வது சீசனில் குஜராத் 2 கோடியே 23 லட்சத்துக்கு வாங்கியது. அடுத்த கட்டத்துக்குப் போன எட்டு அணிகளில் குஜராத் இல்லை. ஆள் அதே ஆள். சுற்றி நின்றவர்கள்தான் வேறு.

பவன் விஷயமும் அப்படியே. 10-வது சீசனில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கியது. 22 ஆட்டங்களில் அந்த அணிக்கு 2 வெற்றி. இத்தனைக்கும் பவன் ஆட்டத்தில் குறை இல்லை. ஏழு பேர் நிற்கும் விளையாட்டில் ரெய்டர் ஒருவர் எடுத்து வரும் புள்ளியை, அடுத்த அரை நிமிடத்தில் பின்னால் நிற்கும் கார்னரும் கவரும் கைநழுவ விட்டால் என்ன மிஞ்சும்? பிடியாட்டம் என்பது கை கோத்துச் செய்கிற வேலை. பக்கத்தில் இருப்பவர் எப்போது பாய்வார் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏலத்தில் வாங்க முடியாது, ஏனென்றால் அது தனி ஆளிடம் இருப்பதில்லை.

தலைவாஸ் 11-வது சீசனில் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தது. கையிருப்பில் 43 சதவீதம். பலன், மறுபடி முதல் ஆறுக்கு வெளியே. 12-வது சீசனில் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், பவனை மறுபடி 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் எடுத்தார்கள். சீசன் நடுவே ஒழுங்குப் பிரச்சினை என்று சொல்லி அணி பவனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். அந்த முறையும் முதல் எட்டில் தலைவாஸ் இல்லை. ஒரே சீட்டை எத்தனை முறைதான் போட்டுப் பார்ப்பார்கள் என்று ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடல் தாண்டியும் இதே கணக்கு. 2025-ல் என்.பி.ஏ. பட்டம் வென்ற ஓக்லஹோமா சிட்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன் 72 ஆட்டங்களில் 22 மட்டுமே வென்ற அணி. 2019-ல் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்து, ஷாய் கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும் எதிர்கால டிராஃப்ட் உரிமைகள் பலவற்றையும் வாங்கிக்கொண்டது. அந்த உரிமைகளில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். செட் ஹோம்கிரென் சொந்த டிராஃப்டில் வந்தவர். அடித்தளம் உறுதியான பிறகு, 2024-ல்தான் வெளியிலிருந்து ஐசையா ஹார்ட்டென்ஸ்டைனைப் பெரிய சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். முதலில் வளர்ப்பு, பிறகு வாங்கல். வரிசை மாறினால் பணம் வீண்.

இதில் தமிழ்நாட்டு வீரர்கள் எங்கே? ஆட்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ‘அண்ணா’ என்று லீக் முழுக்க அழைக்கப்பட்ட தர்மராஜ் சேரலாதன், பிரபஞ்சன், செல்வமணி, அஜித் குமார் எனப் பட்டியல் நீளும். பவன் அடிபட்ட அந்த ஆட்டத்தில் குஜராத்துக்குத் தலைமை தாங்கியவரே தமிழ்நாட்டின் சந்திரன் ரஞ்சித்தான். புனே கோப்பை வென்ற அணியில் கவர் ஆடிய அபினேஷ் நடராஜனும் தமிழ்நாட்டுக்காரர். முதல் சீசனில் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரனும் நம்மவர். வெளியூர் அணிகள் இங்கே வந்து ஆளைக் கண்டுபிடித்துப் போகின்றன.

எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்துப் பையன் ஒருவன் இந்த ஏலத்துக்குப் போக வேண்டுமானால் பாதை நீளமானது. உள்ளூர் குழு, மாவட்டத் தேர்வு, மாநில ஜூனியர் அணி, தேசியப் போட்டி. ஜூனியர் ஆண்கள் பிரிவில் எடை 70 கிலோவைத் தாண்டக் கூடாது. சீனியரில் 85 கிலோ வரை. இடையில் உள்ள 15 கிலோவைத் தசையாக ஏற்ற சாப்பாடு வேண்டும், ஜிம் வேண்டும், பொறுமையும் வேண்டும். மணலிலும் மண்ணிலும் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன் ஷூ மாட்டி மேட்டில் திரும்பக் கற்க வேண்டும். கால் பிடிப்பே வேறு. இந்த இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில்தான் பலர் லாரி செட்டுக்கோ கம்பெனி ஷிஃப்டுக்கோ போய்விடுகிறார்கள். உள்ளூர் டோர்னமென்ட்டில் பரிசு பெரிதாக இருந்தால் ‘கெஸ்ட் பிளேயர்’ இறக்கும் பழக்கம் இங்கும் உண்டு. சொந்தப் பையன் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பான். தலைவாஸ் செய்வதும் அதுதான், கோடிகளில்.

அண்மைக்காலத்தில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2022-ல் தொடங்கிய யுவா கபடி சீரீஸ் இளைஞர்களை மேட்டில் தொடர்ந்து ஆட வைக்கிறது. 11-வது சீசன் ஏலப் பட்டியலில், கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரு அணிகளின் 24 வீரர்களைச் சேர்த்தார்கள். பெண்களுக்கு இதுகூட இல்லை. 2016-ல் மூன்று அணிகளை வைத்து ஒரு சோதனைப் போட்டி நடத்தியதோடு லீக் நிறுத்திக்கொண்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த கண்ணகி நகர் கார்த்திகாவை ஏலம் எடுக்க அப்போது இந்த லீக்கில் ஓர் அணிகூட இல்லை.

சொந்தமாக ஒரு பயிற்சிக் கூடம் நடத்தப் புனேவால் முடிந்தது என்றால் தலைவாஸாலும் முடியும். ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எண்ணூரிலோ தஞ்சாவூரிலோ மேட் விரித்துச் செலவழிக்கலாம். அடுத்த ஏலம் வரும்போது தொலைக்காட்சியில் கோடிக் கணக்கு ஓடும். ஏலத்துக்கு முன்பே வெளியாகும் இரண்டு பட்டியல்களை முதலில் பாருங்கள்: யாரைத் தக்கவைத்தார்கள், எந்தப் புதிய இளைஞர்களைச் சேர்த்தார்கள். தலைவாஸ் அந்த சீசனில் எங்கே முடியும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.