வடை ஓட்டையும் சிந்து முத்திரையும்

சிந்துவெளி எழுத்தின் புதிரை விடுவிப்போருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். ராயபுரம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நாளைக்கே ஒருவர் அந்த எழுத்துள்ள புது முத்திரையோடு வந்து நின்றால், அது அசலா என்று எப்படித் தெரியும்?”

“கார்பன் சோதனை செய்தாயிற்று” என்று வந்தவர் சொன்னால் நம்ப வேண்டாம். கல்லில் அந்தச் சோதனை செல்லாது. கல்லின் வயது வேறு, செதுக்கிய வயது வேறு. பார்க்க வேண்டியது செதுக்கிய கோட்டின் உட்சுவரை.

சிந்து முத்திரைகள் பெரும்பாலும் மாக்கல். கல்சட்டி செய்கிறோமே, அந்த இனம். எளிதாகச் செதுக்கலாம். செதுக்கி முடித்தபின் காரக் கரைசல் பூசிச் சூளையில் சுட்டார்கள். சூட்டில் கல்லுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறி, கல் இறுகியது. மேலே வெண்மை படர்ந்தது. செதுக்கிய பள்ளங்களுக்குள்ளும் அதே வெண்மை.

ராயபுரம் டீக்கடையில் மெதுவடை போடுவதைக் கவனியுங்கள். மாவு கையில் இருக்கும்போதே ஓட்டை போட்டு எண்ணெயில் விடுகிறார் மாஸ்டர். அதனால் ஓட்டையின் உட்சுவரும் சிவந்து முறுகியிருக்கும். பொரித்தபின் கத்தியால் குடைந்திருந்தால் உட்சுவர் வெளுத்துப் பஞ்சாகத் தெரியும். சுட்ட கல்லில் பிற்பாடு கோடு கீறியவரும் இப்படித்தான் மாட்டிக்கொள்வார். ஆஞ்சநேயருக்குச் சாத்தும் வடைமாலையையும் பாருங்கள்: கயிறு இழுக்கும் பக்கம் ஓட்டை நசுங்கியிருக்கும். முத்திரையின் முதுகுக் குமிழிலும் கயிறு கோக்கத் துளை உண்டு. நாள்பட அணிந்த முத்திரை என்றால் அந்தத் துளையின் ஓரத்தில் தேய்மானத்தைத் தேட வேண்டும்.

எல்லா முத்திரைக்கும் இந்தச் சோதனை பொருந்தாது: மேற்காசிய உருளை முத்திரைகளில் பல, கடினமான கற்கள். அங்கே தடயம் கருவியின் கீறல். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, சாணைச் சக்கரம் போன்ற சுழல்கருவி கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டில்தான் அங்கே முத்திரை வெட்ட வந்தது என்றார்கள். அதற்கு முந்தியது என்று சொல்லப்படும் முத்திரையில் சக்கரத் தடம் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.



பரபரப்பு எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு ‘குதிரை முத்திரை’ சாட்சி. உடைந்த மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றின் மங்கலான படத்தை வைத்து, அது குதிரை என்றது ஒரு நூல். 2000 அக்டோபரில் ‘ஃப்ரண்ட்லைன்’ இதழில் ஆய்வாளர்கள் மைக்கேல் விட்செலும் ஸ்டீவ் ஃபார்மரும் தெளிவான படங்களோடு ஒப்பிட்டு, அது ஒற்றைக்கொம்புக் காளை என்று காட்டினார்கள். முத்திரை அசல், சொன்ன கதைதான் போலி.

மாவிலேயே ஓட்டை போடத் தெரிந்த போலிக்காரரும் இருக்கலாம். செதுக்கியபின் சுட்டால் உட்சுவர் அவரைக் காட்டிக்கொடுக்காது. அப்போது துணை மண்ணடுக்கு மட்டுமே. அசல் என்பது மட்டும் போதாது: 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகள் கொள்ளை போயின. அப்படித் திருடியதும் அசல்தான். ஆகவே வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: “எந்தக் குழியில், எந்த அடுக்கில், யார் கண்முன் எடுத்தீர்கள்?”

பதில் இல்லையென்றால், அந்த எழுத்தைப் படிக்க உட்கார வேண்டாம்.