கணினி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று, விளக்கும் எரிந்து, திரை மட்டும் கறுப்பாகவே நிற்பதைப் பலரும் ஒரே நோயாகக் கருதிவிடுகின்றனர். கணினி விழித்தெழுவதற்குள் பல படிகளைக் கடக்கிறது என்பதாலும், அவற்றுள் எந்தப் படியில் தடங்கல் நேர்ந்தாலும் வெளியே தெரிவது அதே கறுப்புத்தான் என்பதாலும், எந்தப் படியில் நின்றது என்று கண்டறிவதே பழுதுநீக்கும் வேலையின் பெரும்பகுதியாகும்.

மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் இயங்குவது விண்டோஸ் அன்று. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள சிறு மென்பொருளே. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் என அழைக்கப்பட்ட இதன் இடத்தை இன்று யூஇஎஃப்ஐ பிடித்துள்ளது. இது செயலியையும், தற்காலிக நினைவகமாகிய ரேமையும், படத்தை உருவாக்கும் காட்சி அட்டையையும் சோதித்த பின்னரே விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை அழைக்கிறது. சோதனையில் தவறியது காட்சி அட்டையோ, அதற்கு முன்பே சோதிக்கப்படும் ரேமோ எனில், அச்செய்தியைத் திரையில் காட்டவே வழியிராது. அதனால்தான் பழைய கணினிகள் 'பீப்' ஒலிகளின் எண்ணிக்கையால் குறையை உணர்த்தின. ஐபிஎம் பிசியில் ஒரேயொரு குறுகிய ஒலி எல்லாம் நலம் என்று பொருள்பட்டது. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், காட்சி, தொடக்கம் ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே சிறு விளக்குகள் உள்ளன. அவற்றுள் அணையாமல் நிற்கும் விளக்கே குறையிருக்கும் இடத்தைக் காட்டும்.

ஆகவே, தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றியதா என்பதே முதற்கேள்வி. தோன்றவில்லை எனில் குறை பெரும்பாலும் வன்பொருளில் இருக்கும். தனிக் காட்சி அட்டை உள்ள மேசைக் கணினியில் எச்டிஎம்ஐ கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிடுவது, நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், அடிக்கடி நேரும் பிழை. அதுவும் சரியாக இருந்தால், மின்இணைப்பை முற்றிலும் நீக்கி, ரேம் பட்டைகளைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிப்பது நலம். டிடிஆர்5 வகை ரேமைப் புதிதாகப் பொருத்தியவர்கள் சற்றுப் பொறுக்கவும் வேண்டும், ஏனெனில் அதன் வேகத்தைத் தாய்ப்பலகை சரிசெய்துகொள்ளும்வரை முதல்முறை சில நிமிடங்கள் திரை கறுத்திருப்பது இயல்பே. மடிக்கணினியில் கைவிளக்கைத் திரையின்மீது சாய்வாக அடிக்கும்போது மங்கலான உருவம் தெரியுமானால், படம் உருவாகிறது, பின்னிருந்து ஒளியூட்டும் விளக்கே பழுது என்று முடிவு செய்யலாம்.

சின்னம் தோன்றி அதன்பின் திரை கறுத்தால், குறை பெரும்பாலும் மென்பொருளில், குறிப்பாகக் காட்சி அட்டைக்கும் விண்டோசுக்கும் இடையே தூது செல்லும் டிரைவர் எனும் நிரலில் இருக்கும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அந்த டிரைவர் மறுதொடக்கம் பெறும். அதனாலும் பயனில்லை எனில், விண்டோஸ் ஏறும்போதே பொத்தானை நீண்டநேரம் அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானே வரும். அங்கிருந்து, மிகத் தேவையான நிரல்களை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு முறையில் நுழைந்து, பழுதான டிரைவரை நீக்கலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி, அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியை வட்டில் சேமித்து மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்வதால், அணைத்துப் போட்டும் தீராத கோளாறு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் தீர்வதுண்டு.

இவற்றில் எதையும் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே 'ஃபார்மட்' செய்யச் சொல்வது தவறான அறிவுரை. திரை கறுத்ததால் வட்டில் உள்ள கோப்புகள் அழிவதில்லை. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தும் அவற்றை எடுத்துவிடலாம். ஆனால் பிட்லாக்கர் எனும் பூட்டு முறை இயக்கப்பட்டிருந்தால் அதற்கு 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும் என்பதால், அந்த எண் எங்கே உள்ளது என்பதைக் கணினி நன்றாக இயங்கும் இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.