அரைக் கிலோ கோழி, 15 மில்லி எண்ணெய்: ஏர் ஃபிரையர் லாபமா?

2025-ல் கேரளத்தில் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. அந்த எண்ணெய்க்கு நாட்டுக்கே விலை சொல்லும் சந்தை கொச்சி. அங்கே மட்டாஞ்சேரி அடுக்களையில், பிரட் தூள் புரட்டிய கோழியைப் பொரிக்க வாணலியா, 2010-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய ஏர் ஃபிரையரா? கணக்குப் போடுவோம். விலைகள் தோராயம், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கு, 20 துண்டு:

எலும்பில்லாத கோழி 500 கிராம் – ரூ. 180
முட்டை 1 – ரூ. 7
மைதா 50 கிராம் – ரூ. 3
பிரட் தூள் 120 கிராம் – ரூ. 24
மிளகுத்தூள், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை – ரூ. 12
கூடுதல் – ரூ. 226

ஏர் ஃபிரையர் செலவு:

எண்ணெய் 15 மி.லி. – ரூ. 6
மின்சாரம் முக்கால் யூனிட் – ரூ. 5.25

1,500 வாட் பெட்டி, 200 டிகிரி, இரண்டு ஈடு, ஈடுக்கு 15 நிமிடம். இதுவே உச்சக் கணக்கு. மொத்தம் ரூ. 237.25. துண்டு 12 ரூபாய்கூட ஆகவில்லை. அதில் முக்கால் பங்கு கோழிக்கே போகிறது.

மொறுமொறுப்பு தூளில் இருக்கிறது. மழைக்காலத்தில் கொச்சிக் காற்று பட்டாலே தூள் நமுத்துவிடும். 10 மி.லி. எண்ணெயைத் தூளில் பிசறி, வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்துவிட்டுப் புரட்டுங்கள். மீதி 5 மி.லி. துண்டுகளின் மேல் தடவ. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. தடித்த துண்டின் நடுவில் 74 டிகிரி வந்தால் வெந்துவிட்டது.

வாணலிச் செலவு:

ஊற்றுவது 500 மி.லி.; கோழி குடிப்பது 60 மி.லி. என்று வைத்தால் – ரூ. 24
எரிவாயு 50 கிராம் – ரூ. 3

குடித்த எண்ணெயில் ஏறத்தாழ 500 கலோரி. ஏர் ஃபிரையரில் 125.

இனி மிச்சம் 440 மி.லி.; அதன் விலை ரூ. 176. அதைத் தாளிக்க எடுத்துவைத்தால் ஏர் ஃபிரையரில் ஒரு முறைக்கு மிச்சப்படுவது ரூ. 15.75 மட்டுமே. பெட்டி 6,000 ரூபாய் என்றால், வாரம் ஒருமுறை பொரித்தாலும் முதல் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். மிச்ச எண்ணெயைக் கொட்டுகிற வீட்டில் ஒரு முறைக்கு ரூ. 191.75 மிச்சம்; 32 முறையில், எட்டு மாதத்துக்குள், முதல் கைக்கு வந்துவிடும்.

பொரித்த எண்ணெயைக் கொட்டும் வீட்டுக்கு ஏர் ஃபிரையர் லாபம். எடுத்துவைக்கும் வீட்டார் உடம்புக்காக வாங்கலாம். பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.