வாசலில் நிற்பவர்

சனிக்கிழமை நள்ளிரவு. இங்கிலாந்து நாட்டு நகரம் ஒன்றின் கடைவீதி. குளிர்காற்று முகத்தில் அறைகிறது. கேளிக்கை விடுதி ஒன்றின் முன்னே இளைஞர்களும் இளம்பெண்களும் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். வாயிலில் கருநிற மேலங்கி அணிந்த ஒருவர் காவல் நிற்கிறார். அவருடைய மேற்கையில் கட்டிய உறையினுள் சிறு அட்டையொன்று பளிச்சிடுகிறது. வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கிறார். சிலரிடம் வயதுச் சான்று கேட்கிறார். கால் தள்ளாடும் ஒருவரை உள்ளே விட மறுக்கிறார்.

அவரைக் காணும் நமக்கு என்ன தோன்றும்? "உடல் வலிமையைக் கொண்டு பிழைக்கிறவர். நான்கு பேரைத் தூக்கி எறியத் தெரிந்தால் இந்த வேலை கிடைத்துவிடும்" என்று எண்ணிவிடுவோம். ஆனால் அந்தச் சிறு அட்டையைப் பெறுவதற்கு அவர் எவற்றையெல்லாம் கற்றார் என்பதை அறிந்தால், அந்த எண்ணம் மாறிவிடும்.

பவுன்சர் என்ற பழைய பெயர்

முன்னாளில் இவர்களைப் 'பவுன்சர்' என்றே அழைத்தனர். வேண்டாதவரைப் பந்துபோல் வெளியே எறிபவர் என்ற பொருளில் எழுந்த பெயர் அது. பெயருக்கேற்பச் சிலர் நடந்துகொண்டதும் உண்மையே. 1990-களில் சில நகரங்களில் வாயில்காவலே குற்றக் கும்பல்களின் கைக்குள் இருந்தது. வாயில் யார் கையிலோ, உள்ளே போதைப்பொருள் விற்பதும் அவர் கையில் என்ற நிலை. நகராட்சிகள் சில தாமாகவே பதிவேடு வைத்து ஓரளவு கட்டுப்படுத்தின. ஆயினும் ஓர் ஊரில் விலக்கப்பட்டவர் அடுத்த ஊரில் வேலைக்குச் சேர்வதைத் தடுக்க இயலவில்லை.

ஆகவே 2001-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனியார் பாதுகாப்புத் தொழிலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி 2003-இல் பாதுகாப்புத் தொழில் ஆணையம் பணி தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004, 2005 ஆண்டுகளில் வாயிற்காவலர் உரிமம் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஸ்காட்லாந்து 2007-இலும் வட அயர்லாந்து 2009-இலும் இம்முறைக்குள் வந்தன. இன்று உரிமமின்றி இப்பணி செய்வது குற்றம்; அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. பவுன்சர் என்ற சொல்லும் அலுவல் ஏடுகளில் இல்லை. 'வாயில் மேற்பார்வையாளர்' என்பதே அலுவல் முறைப் பெயர்.

முதல் பாடம் முதலுதவி

இப்பணிக்கு வருகிறவர் 18 வயது நிறைந்தவராய் இருத்தல் வேண்டும். அவர் கற்கும் முதல் பாடம் எது என்று நினைக்கிறீர்கள்? முதலுதவி! 2021 ஏப்ரல் முதல், முதலுதவிச் சான்றிதழ் இல்லாதவரை வாயிற்காவல் பயிற்சியில் சேர்ப்பதில்லை. நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க மார்பை எவ்வாறு அழுத்துவது, உணர்விழந்தவரை எவ்வாறு ஒருக்களித்துக் கிடத்துவது, குருதிப்போக்கை எவ்வாறு நிறுத்துவது என்பனவற்றைக் கற்ற பிறகே ஒருவர் வாசலில் நிற்கக் கற்கிறார். இந்த வரிசைமுறையே ஒரு செய்தியைச் சொல்கிறது அல்லவா?

அதன்பின் குறைந்தது ஆறு நாள் பயிற்சி. அதில் நான்கு பகுதிகள் உண்டு: பாதுகாப்புத் தொழிலின் பொது நெறிகள், வாயிற்காவலரின் தனிக் கடமைகள், சச்சரவைத் தணித்தல், தேவையான இடத்தில் உடலால் தடுத்தல். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் நடைபெறும். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசவும் எழுதவும் தெரிந்திருத்தல் கட்டாயம். நள்ளிரவில் நடந்த தகராறு ஒன்றைப் பதிவேட்டில் எழுதும்போது, அந்த எழுத்தே நாளை நீதிமன்றத்தில் சான்றாகக்கூடும்.

மதுச் சட்டம், தீ விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றும் முறை, உள்ளே எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணிக் காக்கும் பொறுப்பு ஆகியனவும் பாடங்களே. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 2022 டிசம்பரில் இலண்டனின் பிரிக்ஸ்டன் அரங்கில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்கட்டும். அரங்க வாயிலில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் அன்று அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்தவர்.

நாவைக் காக்கும் கலை

பயிற்சியில் பெரிதும் வலியுறுத்தப்படுவது பேச்சு. கோபமாய் வருகிறவனிடம் நாமும் கோபத்தைக் காட்டினால் அவன் கோபம் இரட்டிக்கும்; நம் குரல் தணிந்தால் அவன் குரலும் மெல்லத் தணியும். இது நம் வீடுகளிலும் நாம் அறிந்த உண்மைதான். ஆனால் குடிபோதையில் ஒருவன் முகத்துக்கு நேரே நின்று ஏசும்போது இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஆகவே பயிற்சியில் இதை நடித்தே பழகுகின்றனர்.

கைகளைத் திறந்து காட்டுதல், எட்டி நிற்றல், எதிராளி விலகிச் செல்ல வழி விடுதல், அனுமதி மறுப்பதன் காரணத்தைப் பொறுமையாய்க் கூறுதல், நண்பர்கள் முன்னிலையில் அவனைத் தலைகுனியச் செய்யாதிருத்தல் ஆகியவை இக்கலையின் நுட்பங்கள். "இன்று முடியாது, தம்பி, வேறொரு நாள் வாருங்கள்" என்பதுபோன்ற ஒரு வார்த்தை பல அடிதடிகளைத் தடுத்துவிடும்.

கை வைக்குமுன்

வாயிற்காவலருக்குக் காவல்துறையின் அதிகாரம் கிடையாது. சாதாரணக் குடிமகனுக்குரிய உரிமையே அவருக்கும் உண்டு. ஒருவரைச் சோதனையிட வேண்டுமானால் அவருடைய சம்மதம் தேவை. சம்மதியாதவரை உள்ளே விட மறுக்கலாம், வலிந்து சோதிக்கலாகாது. பெண்களைப் பெண்களே சோதிப்பது முறையாதலால், இப்பணியில் பெண்களின் தேவை மிகுதி. இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றவாளியைக் குடிமகன் பிடித்து வைப்பதற்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதிக்கிறது. பலத்தைப் பயன்படுத்தினால் அது சூழ்நிலைக்குத் தக்க நியாயமான அளவில் இருத்தல் வேண்டும் என்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டம்.

2010 முதல் உடலால் தடுக்கும் முறையும் பாடமாயிற்று. வலி உண்டாக்கிப் பணியவைக்கும் பிடிகள் இதில் இல்லை. விலக்கிவிடவும், பாதுகாப்பாய் வெளியே நடத்திச் செல்லவும் கற்பிக்கின்றனர். இப்பாடத்தில் ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது ஒன்று: தரையில் குப்புற அழுத்தப்பட்ட மனிதன் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி இறந்துபோகக்கூடும். மதுவும் போதையும் பருமனும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. மூச்சுக்காக அவன் திமிறுவதை, அடங்க மறுக்கிறான் என்று எண்ணி மேலும் அழுத்தினால் கதை முடிந்துவிடும். "மூச்சு முட்டுகிறது" என்று ஒருவன் சொன்னால் நம்ப வேண்டும். "பேசுகிறானே, மூச்சு இருக்கிறது" என்பது கொடிய அறியாமை.

ஒரு கேள்வி, ஒரு வார்த்தை

வாயிற்காவலரின் கண் வம்பு செய்கிறவரை மட்டும் தேடுவதில்லை. ஆதரவற்று நிற்பவரையும் தேட வேண்டும். நண்பர்களைத் தவறவிட்டுத் தனியே நிற்கும் பெண், மயங்கிய ஒருத்தியை அவசரமாய் அழைத்துச் செல்லும் அறிமுகமற்ற ஆண், இவர்களைக் கண்டால் நின்று கேட்க வேண்டும். 2016-இல் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. அச்சத்திலிருக்கும் பெண், பணியாளரிடம் சென்று "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும். அக்குறிப்பை உணர்ந்து அவளைப் பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்பிவைப்பர். பின்னர் பல நகரங்களுக்கும் இது பரவியது.

கேளாமல் விட்டதன் விலையையும் அந்நாடு அறியும். 2017 மே 22-ஆம் நாள் மான்செஸ்டர் அரங்கில், இசை நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியேறும் நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். அதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு முன், பிள்ளையை அழைத்துச் செல்லக் காத்திருந்த ஒருவர், பெரும் பையோடு இருந்த மனிதனைக் குறித்துக் காவல் பணியிலிருந்த இளைஞர் ஒருவரிடம் ஐயம் தெரிவித்தார். அவர் தம்முடன் பணியாற்றிய மற்றோர் இளைஞரிடம் கூறினார். அந்த இளைஞரோ, தவறாய்ச் சந்தேகித்தால் இனவெறியன் என்று பழிப்பார்களே என்று அஞ்சினார். வாக்கி-டாக்கியில் தெரிவிக்க முயன்றும் தொடர்பு கிட்டவில்லை. 2021-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, பெரும்பொறுப்பை நிறுவனங்கள்மீதும் காவல்துறை ஏற்பாடுகள்மீதுமே சுமத்தியது. பதின்பருவத்து இளைஞர்களிடம் இத்துணைப் பெரிய காவலை ஒப்படைத்தவர்கள், அவர்களுக்குப் போதிய துணை அளிக்கவில்லை.

அந்த நிகழ்வில் மாண்டவர்களுள் ஒருவர் மார்ட்டின் ஹெட். அவருடைய தாயார் ஃபிகன் முர்ரே பல ஆண்டுகள் ஓயாது போராடியதன் பயனாக, 'மார்ட்டின் சட்டம்' 2025 ஏப்ரலில் நிறைவேறியது. 200 அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் பொது இடங்கள் தாக்குதலை எதிர்கொள்ளும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்த இடைக்காலம் தரப்பட்டுள்ளது. கண்காணிக்கும் பொறுப்பு, வாயிற்காவலருக்கு உரிமம் வழங்கும் அதே ஆணையத்துக்கே.

நம் பிள்ளைகளுக்கு

பயிற்சியில் தேறியபின் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடையாளம், ஐந்தாண்டு முகவரிகள், குற்றப் பின்னணி, வேலை செய்யும் உரிமை ஆகிய அனைத்தையும் ஆராய்வர். 2023-இல் கட்டணம் 184 பவுனாக நிர்ணயிக்கப்பட்டது. உரிமம் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். 2025 ஏப்ரல் முதல், புதுப்பிக்க விரும்புவோர் மீள்பயிற்சியும் பெற வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கச் சென்ற பிள்ளைகள் சிலர் பகுதிநேரமாக இப்பணியை நாடுகின்றனர். இந்த உரிமம் இருந்தால் பண்டகசாலை, அங்காடிக் காவலுக்கும் செல்லலாம் என்பதே காரணம். உழைத்துண்பதில் இழிவில்லை. ஆயினும் பெற்றோர் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி அனுப்புதல் நலம். மாணவ விசாவில் பட்டப்படிப்புப் படிப்போர் பாடகாலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. 'சுயதொழில் செய்வோர்' என்று கணக்கெழுதிச் சம்பளம் தருவோரிடம் சேரவும் கூடாது. மற்றொன்று, ஆறு நாள் பாடத்தை ஒன்றிரண்டு நாளில் முடித்துச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் நிலையங்களை நாடலாகாது. அவர்கள் விற்பது வெறும் தாள். நெரிசல் மூளும்போதும், ஒருவர் மூச்சற்று விழும்போதும் அந்தத் தாள் உதவாது.

விடியற்காலை மூன்று மணி. விடுதி மூடப்படுகிறது. கூட்டம் கலைந்து போகிறது. தள்ளாடிய இளைஞன் நண்பன் தோளைப் பற்றியபடி வாடகைக் காரில் ஏறுகிறான். அவனை அனுப்பிவைத்த காவலர் நடந்தவற்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு நடக்கிறார். அன்றிரவு அவர் யாரையும் அடிக்கவில்லை. எத்தனை வீடுகளில் தாய்மார் கவலையின்றி உறங்கினார்கள் என்பதை அவர் அறியமாட்டார். அறிந்தவர்கள் நாமேனும் அவரை மதிப்போமாக.